நிலுவை வைத்தவர்களுக்காகவும் வேண்டுகிறவர் இருக்கிறார்

எங்கள் சபையின் ஆயர் அவர்களுக்கும் குருசேகரக் குழுவினருக்கும் (சபையின் நிர்வாகக் குழு) ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் குழுவின் அங்கத்தினர்களுக்கும்,

புத்தாண்டு ஆராதனையில் அறிவிக்கப்பட்டு, ஈஸ்டருக்குள் வேரூன்றிவிட்ட 'விசேஷ மன்றாட்டுத் திட்டம்' பற்றி எழுதுகிறேன். அதற்கு இடம் வேண்டுமென்று புதன்கிழமை மாலை வேதபாட வகுப்பை நிறுத்தியது பற்றியும் எழுதுகிறேன். இரண்டையும் குறித்துக் குழுவிடம் நேரில் சொல்லியாயிற்று. "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறே புதிய ரசீதுப் புத்தகங்கள் வாசல் மேசையில் இருந்தன. இனி சபையார் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திட்டத்தின் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இளமஞ்சள் நிறம், மேலே கூப்பிய கைகளின் படம். மாதம் 100 ரூபாய் கட்டும் குடும்பத்தின் பெயர் மாதத்தில் ஒரு வெள்ளியன்று ஜெபத்தில் வாசிக்கப்படும். 500 ரூபாய் கட்டினால் வெள்ளிதோறும் வாசிக்கப்படும். 1,000 ரூபாய் கட்டினால் ஆயர் ஐயா தினமும் அதிகாலையில் பீடத்தின்முன் முழங்காலிட்டு அந்தக் குடும்பத்துக்காகப் பெயர் சொல்லி மன்றாடுவார். பிறந்தநாளன்று ஜெபித்த எண்ணெய் ஒரு புட்டி வீடு தேடி வரும். பின்பக்கம் சிறிய எழுத்தில் நிபந்தனைகள். அவற்றில் கடைசி நிபந்தனை: "தொடர்ந்து மூன்று மாதம் சந்தா செலுத்தாத குடும்பங்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படும்."

இந்த வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மாவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரையில் வீட்டை இடித்து அங்கே குடியமர்த்தும்வரை நம் கோயிலுக்கு நடந்தே வந்தவர். அதன்பிறகு இரண்டு பஸ் மாறி வந்தார். வீட்டு வேலை செய்து பிழைக்கிறவர். குடியில் விழுந்துவிட்ட மகனுக்காக 100 ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்தார். வேலை செய்த வீட்டார் ஊர் மாறிப் போனதும் கட்ட முடியவில்லை. ஒரு வெள்ளி மாலை பெயர்கள் வாசித்து முடியும்வரை உட்கார்ந்திருந்தார். தன் பெயர் வரவில்லை. வாசல் மேசையில் போய்க் கேட்டார். அங்கிருந்த தம்பி பட்டியலைப் புரட்டி, அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் நேராக அடிக்கப்பட்டிருந்த ஒரு வரியைக் காட்டினார். "அடுத்த மாதம் கட்டிவிட்டால் சேர்த்துவிடுவோம் அம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அந்தத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன், சொன்னதைச் செய்தார்.

அந்த அம்மா அதன்பிறகு வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். "எங்களுக்காகச் சொல்ல ஆளில்லை என்று ஆனபிறகு நான் வந்து என்ன செய்யப் போகிறேன்?" என்று கேட்டார்.

ஐயா, எங்களுக்காகச் சொல்ல ஆள் இருக்கிறார் என்பதற்குப் பெயர்தானே சுவிசேஷம்? "தமது மூலமாய் தேவனிடத்தில் சேருகிறவர்களுக்காக வேண்டுதல்செய்யும்படிக்கு அவர் எப்பொழுதும் உயிரோடிருக்கிறவராகையால் அவர்களை முற்றுமுடிய இரட்சிக்க வல்லவராயுமிருக்கிறார்" என்கிறது புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 7:25. ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் மனதிலிருந்து இந்த வசனத்தை ஓர் அச்சடித்த அட்டை துடைத்தெடுத்திருக்கிறது. பட்டியலில் பெயர் அடிபட்டபோது பரலோகத்திலும் பெயர் அடிபட்டுவிட்டது என்று அவர் எண்ணிவிட்டார். அப்படி நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை என்பீர்கள். சொல்லத் தேவையில்லை. காசு கட்டினால் உனக்காக மன்றாடுவோம் என்று பீடத்தின் பெயரால் அச்சடித்தால், கட்டாதவர் என்ன விளங்கிக்கொள்வார்?

எபிரெயர் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். சோர்ந்துபோனவர்களுக்கு. ஆரம்பத்தில் நிந்தையைத் தாங்கினார்கள். ஆஸ்திகள் கொள்ளைபோனபோதுகூடச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார்கள். பிறகு வருடங்கள் ஓடின, கைகள் நெகிழ்ந்தன, முழங்கால்கள் தளர்ந்தன. சிலர் சபை கூடிவருதலையே விட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆசாரியன், கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பலி, நாள் தவறாத சடங்கு, இவற்றின் பக்கம் அவர்கள் மனம் திரும்பிக்கொண்டிருந்தது. கஷ்டத்தில் இருக்கிறவனுக்குக் காணாத ஒருவரை நம்பிக் காத்திருப்பதைவிடக் கண்ணெதிரே அங்கி தரித்து நிற்கும் ஒருவர் ஆறுதலாகத் தோன்றுவது இயல்பு. நிருபத்தை எழுதியவர் இதற்கு என்ன மருந்து கொடுத்தார்? எச்சரித்தார், ஆறாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் கடுமையாகவே எச்சரித்தார். ஆனால் நிருபத்தின் நடுப்பகுதி முழுவதையும் ஒரே காரியத்துக்குச் செலவழித்தார்: பரலோகத்தில் உங்களுக்கு ஒரு பிரதான ஆசாரியர் இருக்கிறார், அவர் இப்போது உங்களுக்காகத்தான் தேவசமுகத்தில் இருக்கிறார். தளர்ந்தவர்கள் விழாமல் நிற்க இது போதும் என்று அவர் நம்பினார். நாம் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஏற்பாட்டைச் செய்து அதற்குக் கட்டணமும் வைத்திருக்கிறோம்.

பழைய ஏற்பாட்டு ஆசாரியத்துவத்தைக் காட்டித் திட்டத்தை நியாயப்படுத்தப் பார்த்தாலும் அது உதவிக்கு வராது. மோசேயின் அண்ணனும் முதல் பிரதான ஆசாரியனுமான ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபோது பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்களையும் இருதயத்தின்மேல் சுமந்து போனான். மார்ப்பதக்கத்தின் கற்களில் அவை முத்திரை வெட்டுவதுபோல் வெட்டப்பட்டிருந்தன. தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பெயர்கள். தகப்பன் யாக்கோபே மரணப்படுக்கையில் கடிந்துகொண்ட ரூபனும் சிமியோனும் அங்கே இருந்தார்கள். கல்லில் வெட்டிய பெயரை அளவுகோல் வைத்து அடிக்க முடியாது. காசு விஷயத்திலும் யாத்திராகமம் தெளிவாக இருக்கிறது. ஜனங்களை எண்ணியபோது ஒவ்வொருவரும் ஆத்துமாவுக்காக அரைச்சேக்கல் கொடுக்க வேண்டும். ஐசுவரியவான் அதற்குமேல் கொடுக்கக்கூடாது, தரித்திரன் குறைத்துக் கொடுக்கக்கூடாது. முப்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. தேவசந்நிதியில் 100, 500, 1,000 என்று வரிசை உண்டாகிவிடக்கூடாது என்பதில் மோசேயின் சட்டத்துக்கே அவ்வளவு கவனம். புதிய உடன்படிக்கையின் சபை அந்த வரிசையைக் கணினியில் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் என்னும் மலையில் ஆரோன் இறந்தபோது அவனுடைய உடைகளைக் கழற்றி மகன் எலெயாசாருக்கு உடுத்தினார்கள். மரணம் தடுத்ததால் ஆசாரியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்கிறது எபிரெயர் ஏழாம் அதிகாரம். நம் சபையில் மரணம்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடமாற்ற உத்தரவு போதும். எத்தனை ஆயர்களுக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பியிருக்கிறோம்! என் வீட்டுக் காரியம் முழுவதும் தெரிந்த ஒருவர் மூட்டை கட்டிப் போவார். புதிதாக வருகிறவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீங்களும் ஒரு நாள் மாற்றலாகிப் போவீர்கள், ஐயா. அன்றைக்கு அந்த 1,000 ரூபாய்க் குடும்பங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மாற்றல் இல்லாத, ஓய்வு இல்லாத, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகாத ஆசாரியத்துவம் ஒன்று இருக்கிறதென்று அவர்களுக்குக் காட்டுவதுதான் உங்கள் வேலை. அந்த வேலையை நீங்கள் செய்தால் நீங்கள் போன பிறகும் அவர்கள் நிற்பார்கள்.

என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பொது மருத்துவமனையில் கிடந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணீர்கூட வரவில்லை. இரவில் வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்து, "ஆண்டவரே" என்று தொடங்குவேன். அதற்கு மேல் ஒரு சொல் எழும்பாது. பக்கத்துப் பாயில் ஒரு முஸ்லிம் பாட்டி தஸ்பீஹ் மணிமாலை உருட்டிக்கொண்டிருப்பார். அவருக்காவது விரல்கள் அசைகின்றனவே என்று பொறாமையாக இருக்கும். என் விசுவாசம் செத்துவிட்டது என்றே தீர்மானித்துவிட்டேன். அப்போது வேதபாட வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற உபதேசியார் பார்க்க வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உனக்கு ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை அம்மா, அங்கே ஜெபம் நின்றுபோகவில்லை" என்றார். பிறகு பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து, நம்முடைய பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கக்கூடிய பிரதான ஆசாரியரைப் பற்றிய எபிரெயர் நான்காம் அதிகாரக் கடைசி வசனங்களை வாசித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் நின்றேன். என் கணவர் பிழைத்தார், பேச்சு முழுவதும் திரும்பவில்லை. அது வேறு கதை. நான் சொல்ல வருவது இதுதான்: அந்த வராந்தாவில் இந்த மஞ்சள் அட்டையை யாராவது நீட்டியிருந்தால் தாலியை விற்றாவது 1,000 ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்திருப்பேன். அந்த நிலையில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் சேருவார். "யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பிச் சேருகிறார்கள்" என்று பொருளாளர் ஐயா சொன்னதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குழு சொன்ன மற்ற நியாயங்களுக்கும் வருகிறேன். "நீதிமான் செய்யும் ஊக்கமான வேண்டுதல் மிகவும் பெலனுள்ளதாயிருக்கிறது" என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டினீர்கள். அதே வசனம் "ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று சபையார் எல்லாரையும் பார்த்துத்தான் சொல்கிறது. எலியாவை உதாரணம் காட்டும்போதும் அவன் நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்கிறது; எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது; கட்டணம் கேட்கவில்லை. ஆயர் எங்களுக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நிறைய ஜெபியுங்கள். கிறிஸ்துவின் வேண்டுதலோடு சேர்ந்து ஜெபியுங்கள், அதற்குப் பதிலாக ஜெபிக்காதீர்கள். தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே.

கோயில் கூரை ஒழுகுகிறது, பணம் தேவை என்றும் சொன்னீர்கள். உண்மைதான். போன மழையில் பாடகர் குழு குடை பிடித்துக்கொண்டு பாடியதை நானும் பார்த்தேன். கூரைக்குப் பணம் வேண்டுமென்றால் கூரைக்கென்று கேளுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை 2,000 ரூபாய்க்கு எடுக்கிற சபை இது. அங்கே எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகத்தான் இருக்கிறது; கொடுக்கிறவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டே கொடுக்கிறார். ஜெபத்தை ஏலத்துக்கு விட்டால் யாரும் சிரிப்பதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு சீர்திருத்த ஞாயிறு என்று விசேஷப் பாடல் பயிற்சி எடுக்கிறோம். 1517இல் விட்டன்பர்க்கில் லூத்தர் எழுப்பிய கேள்விகளில் பல பாவமன்னிப்புச் சீட்டுக்குக் காசு வாங்குவதைப் பற்றியவை என்று போன வருடம் நீங்களே பிரசங்கித்தீர்கள், ஐயா. நல்ல பிரசங்கம். குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு அதிகக் கவலை தருவது இளைஞர்கள். ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள், ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் இரவு வேலை பார்க்கிற பிள்ளைகள் புதன் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டேதான் வருவார்கள், ஆனாலும் வருவார்கள். அவர்களில் ஒருவன் கடன் செயலியில் வாங்கி மாட்டிக்கொண்டு, வீட்டில் பொய் சொல்லி, ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். கோயில் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது என்னிடம் பேசினான். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு சொல்லிவிடுகிறார் என்பதை வகுப்பில் கேட்டானாம். "நான் விழுவதற்கு முன்பே எனக்காக ஜெபித்துவிட்டார் என்றால் விழுந்தபிறகு ஏன் ஒளிய வேண்டும்?" என்றான். பேதுரு விழக்கூடாது என்று இயேசு வேண்டவில்லை. விசுவாசம் ஒழியக்கூடாது என்று வேண்டினார். சேவல் கூவியது, பேதுரு அழுதான், ஆனால் ஒழிந்துபோகவில்லை. அவனைப் பிடித்து வைத்திருந்தது அவன் பிடி அல்ல.

காசிமேட்டில் படகு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அலை எவ்வளவு ஆட்டினாலும் அதைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீருக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருக்கிறது. எபிரெயர் ஆறாம் அதிகாரம் நம் நம்பிக்கையை "திரைக்குள்ளாகப் போகிற" ஆத்தும நங்கூரம் என்கிறது. இயேசு நமக்கு முன்னோடியாக அங்கே போயிருக்கிறார். எங்கள் வகுப்பு அந்த வசனத்தோடு நின்றுபோனது. அடுத்த புதன் ஏழாம் அதிகாரம், ஆபிரகாமை ஆசீர்வதித்த ஆசாரியனாகிய மெல்கிசேதேக்கு. உபதேசியார் ஆதியாகமம் 14, சங்கீதம் 110 இரண்டையும் வீட்டில் வாசித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். போனால் அறை பூட்டியிருந்தது. கதவில் மன்றாட்டுத் திட்ட அலுவலகம் என்று ஒட்டியிருந்தது. 1772இல் இதே சென்னையின் வேப்பேரியில், ஜெர்மானிய மிஷனெரி ஃபப்ரிசியஸ் ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது. குருவானவர் மட்டும் வாசித்தால் போதும் என்று நினைத்திருந்தால் அந்த மனிதர் வருடக்கணக்கில் உழைத்திருக்க மாட்டார்.

"தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்." தேவனுடைய கிருபையின் சிங்காசனத்தை நெருங்கும் அந்தத் தைரியத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகத்தான் உங்களுக்கு அபிஷேகம். எனவே உங்களிடமும் குழுவிடமும் கேட்கிறேன்:

சந்தா முறையை உடனே கைவிடுங்கள். சபை அட்டவணையில் உள்ள எல்லாக் குடும்பங்களின் பெயர்களும், கொடுத்தவர் கொடாதவர் என்ற பேதமில்லாமல், தெரு வாரியாகச் சுழற்சி முறையில் ஜெபத்தில் வாசிக்கப்படட்டும். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் என்று தூரம் போய்விட்டவர்களின் தெருக்களும் அதில் இருக்க வேண்டும்.

இதுவரை வசூலான தொகையின் கணக்கைச் சபைப் பொதுக்கூட்டத்தில் வையுங்கள். திருப்பிக் கேட்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். மிச்சத்தை எதற்குச் செலவிடுவது என்று பொதுக்கூட்டம் தீர்மானிக்கட்டும். கூரைக்கென்று தனிக் காணிக்கை எடுத்தால் முதல் உறை என்னுடையது.

புதன் வேதபாட வகுப்பை அதே அறையில், ஏழாம் அதிகாரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரவு வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு மாலையும் ஒரு முறை நடத்த முடியுமா என்று உபதேசியாரிடம் கேளுங்கள்.

பெயர் நீக்கப்பட்டதால் யாருடைய ஜெபமும் தடைபடவில்லை, கிறிஸ்து அவர்களுக்காக வேண்டுவதை நிறுத்தவில்லை என்று பிரசங்க பீடத்திலிருந்து நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள், ஐயா. அறிவிப்பில் செயலாளர் வாசித்தால் போதாது.

பட்டியலில் அடிக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது, அலுவலகத்தில் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் குழுவிலிருந்து இருவர் போக வேண்டும். ரசீதுப் புத்தகம் கொண்டுபோகக் கூடாது. பெரும்பாக்கத்து அம்மாவின் வீட்டுக்கு மட்டும் ஆயர் ஐயா நேரில் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மகன் காலையில்தான் வீட்டில் இருப்பான். பத்து மணிக்குள் போனால் அவனையும் பார்க்கலாம். வழி தெரியாவிட்டால் நான் கூட வருகிறேன்.

இந்த மடலுக்கு எழுத்து மூலம் பதில் வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் வராவிட்டால், கூட்டத்தில் இதை வாசிக்க எனக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கர்த்தருக்குள்,
சபை அங்கத்தினள் ஒருத்தி
பெரம்பூர், சென்னை